மலைநாட்டு மீன் தொட்டிக்குப் பைப் வேலை: வெவ்வேறு பிளாஸ்டிக்குகளைக் கசிவில்லாமல் இணைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலைநாட்டு வீடொன்றில் மீன் தொட்டிக்குத் தண்ணீர் வரும் வழியைப் பின்தொடர்ந்து பாருங்கள். மேட்டில் இருக்கும் ஊற்றிலிருந்து இறங்குவது கறுப்புப் பொலித்தீன் பைப். வீட்டுச் சுவரோடு ஓடுவது பிவிசி. சுடுதண்ணீர் கீசர் பூட்டிய புது வீடாக இருந்தால் நடுவில் கொஞ்சம் பிபிஆர், அதாவது சுடுதண்ணீர் தாங்கும் ஒருவகைப் பொலிபுரொப்பிலீன் பைப். தொட்டிப் பம்பின் வாய் ஏபிஎஸ் என்ற கடினப் பிளாஸ்டிக், அதிலிருந்து புறப்படுவது வளையும் ஹோஸ். இத்தனையும் பார்வைக்குப் பிளாஸ்டிக்தான். ஆனால் ஒன்றுக்குப் பிடிக்கும் கம் மற்றொன்றுக்குப் பிடிக்காது.

ஹார்ட்வெயார் கடைக்குப் போனால், "தம்பி, இது எல்லாத்துக்கும் பிடிக்கும்" என்று ஒரு டின் பிவிசி கம்மை நீட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் பிடிக்காது. பிவிசி கம் என்பது பசை இல்லை. அது பிவிசியைக் கரைக்கும் திரவம். பைப்பின் மேற்தோலும் அது நுழையும் சொக்கட்டின் உட்தோலும் இளகி ஒன்றோடொன்று கலக்கும். திரவம் ஆவியாகிப் போனதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடும். பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் இந்தத் திரவத்தில் கரையவே கரையாது. கம் அவற்றின் மேல் காய்ந்து, நகத்தால் உரித்தால் தோலாக வந்துவிடும்.

ஆகவே நான் வேலை செய்யும் முறை இது: ஒரே இனம் என்றால் ஒட்டு, இனம் மாறினால் திருகும் ரப்பரும். அதோடு, இனி ஒருநாளும் கழற்றத் தேவையில்லாத இடத்தில் மட்டும்தான் ஒட்டு. பம்ப், பில்டர், வால்வ் என்று எப்போதாவது கையில் எடுக்க வேண்டியவற்றின் பக்கத்தில் யூனியன், அதாவது நட்டைத் திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு, இருக்க வேண்டும்.

கையில் இருப்பது எந்தப் பிளாஸ்டிக்?

பைப்பிலும் பொருத்துகளிலும் பெரும்பாலும் அச்சு இருக்கும். பிவிசி, பிஈ (பொலித்தீன்), பிபி (பொலிபுரொப்பிலீன்), ஏபிஎஸ் என்று ஆங்கில எழுத்தில் போட்டிருப்பார்கள். சிலவற்றில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 2 என்றால் அடர்த்தி கூடிய பொலித்தீன், 3 பிவிசி, 5 பொலிபுரொப்பிலீன். இலங்கையில் குடிதண்ணீருக்கான பிவிசி பைப் என்றால் எஸ்எல்எஸ் 147 என்ற தர எண்ணைத் தேடுங்கள். மீனுக்கும் அதுவே நல்லது.

அச்சு அழிந்துபோன பழைய துண்டு என்றால் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீர் போதும். பிளேடால் ஒரு சிறு சீவல் எடுத்து அதில் போடுங்கள். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூழ்க வேண்டியதும் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு மிதக்கும். விரலால் ஒருமுறை அமுக்கிவிடுங்கள். திரும்ப மேலே வந்தால் பொலித்தீன் அல்லது பொலிபுரொப்பிலீன்: கம்மை மறந்துவிடுங்கள். அடியில் போய்ப் படுத்தால் பிவிசி, ஏபிஎஸ், அக்ரிலிக் மூன்றில் ஒன்று. பிவிசி கல் போல நேரே இறங்கும். ஏபிஎஸ் தண்ணீரைவிடக் கொஞ்சமே கனமானது, அதனால் தயங்கித் தயங்கி இறங்கும். சந்தேகம் இருந்தால் அந்தச் சீவலில் நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் ஒரு சொட்டு வையுங்கள். ஏபிஎஸ் உடனே பிசுபிசுப்பாகும். பிவிசி அவ்வளவு சுலபமாக இளகாது.

கொளுத்திப் பார்க்கும் வழக்கம் சில பாஸ்மாரிடம் (பைப் வேலைக்காரரிடம்) உண்டு. வேண்டாம். பிவிசி எரியும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு இருக்கிறது. குளிருக்கு ஜன்னலை மூடிவைக்கும் நம் வீடுகளில் அது நெஞ்சுக்குள்தான் போகும்.

சரிவின் கணக்கு

பட்டணத்து வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. தொட்டிக்குள் ஓடும் தண்ணீருக்கு அழுத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 0.1 பார். கீழே சம்ப் (பம்ப் இருக்கும் கீழ்த் தொட்டி), மேலே தொட்டி என்று ஒன்றரை மீட்டர் இருந்தாலும் 0.15 பார்தான். அந்தப் பக்கத்தில் சுமாரான இணைப்பும் தாங்கும்.

தண்ணீர் வரும் பக்கம் அப்படியில்லை. ஊற்று உங்கள் வீட்டைவிட 50 மீட்டர் மேலே இருக்கிறது என்று வையுங்கள். ஹட்டன், பொகவந்தலாவை, அப்புத்தளைப் பக்கங்களில் இது பெரிய உயரமே இல்லை; இரண்டு லயம் மேலே போனால் வந்துவிடும். குழாயைத் திறந்து வைத்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மூடியவுடன் அந்த 50 மீட்டரும் முழுதாக வந்து உட்காரும்: ஏறத்தாழ 5 பார். பிவிசி பைப்பில் டைப் 600, டைப் 1000 என்று போட்டிருக்கும் எண் கிலோபாஸ்கல் கணக்கு. 600 என்றால் சுமார் 6 பார், அதாவது 60 மீட்டர் உயரத் தண்ணீர். மிதவை வால்வ் சடாரென்று மூடும்போது வரும் தண்ணீர் அடி இதற்கும் மேலே போகும். 50 மீட்டருக்கு 600 காணும் என்று கணக்குப் பார்க்காமல் 1000ஐ வாங்குங்கள்.

இதைவிட நல்ல வழியும் உண்டு. வரும் தண்ணீரை நேரே தொட்டிக்கு விடாமல், கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு சிறிய தாங்கியில் திறந்த வாயாக விழ விடுங்கள். அழுத்தம் அங்கேயே முடிந்துவிடும். தாங்கியிலிருந்து தொட்டிக்கு வருவது இரண்டு, மூன்று மீட்டர் உயரத் தண்ணீர்தான். மீனுக்கும் இது நல்லது. நீண்ட பைப்பில் அழுத்தத்தோடு வரும் தண்ணீரில் வாயு அளவுக்கு மேல் கரைந்திருக்கலாம். அது நேரே தொட்டிக்குள் போனால் மீனின் செவுளிலும் துடுப்பிலும் குமிழி கட்டும். தாங்கியில் நின்று வரும்போது அந்த வாயு வெளியேறிவிடும். மழைநாளில் வரும் மண்ணும் அடியில் படியும்.

அளவு: அரை அங்குலம் என்பது எங்கேயும் அரை அங்குலம் இல்லை

இலங்கையில் நாம் அரை அங்குலம் என்று கேட்டு வாங்கும் பிவிசி பைப்பின் வெளி விட்டம் 20 மி.மீ. முக்கால் என்பது 25, ஓரங்குலம் 32, ஒன்றரை 50, இரண்டு 63. அமெரிக்க அளவில் செய்த மீன் தொட்டிச் சாமான்களில் அரை அங்குலம் 21.3 மி.மீ., முக்கால் 26.7. அந்தச் சொக்கட்டுக்குள் நம் 20 மி.மீ. பைப்பை விட்டால் கடகடவென்று ஆடும். இடைவெளியைக் கம் ஊற்றி நிரப்பலாம் என்று நினைக்க வேண்டாம். கம் காயும்போது சுருங்கும். உள்ளே ஓட்டை விழும். இணையத்தில் வாங்குவதானால் 20, 25, 32 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பதைத் தேடுங்கள்.

ஒரு வேர்னியர் இடுக்கிமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக்கில் செய்த மலிவானதானாலும் சரி. கடைக்குப் போகும் முன் இரண்டு பக்கத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் பைப்பில் ஒரு சாண் துண்டை வெட்டிக் கையோடு கொண்டு போவது அதைவிட நல்லது.

பிவிசியோடு பிவிசி

பைப்பை நேராக வெட்டுங்கள். கண்மட்டத்துக்கு வெட்டினால் கோணல் விழும். ஒரு கடதாசியைப் பைப்பைச் சுற்றி இறுக்கி, ஓரம் ஓரத்தோடு பொருந்தும்படி வைத்தால் அதுவே நேர்கோடு. அந்தக் கோட்டில் ஹெக்சோவால் மெதுவாக. வெட்டிய விளிம்பின் உள்ளும் புறமும் இருக்கும் பிசிரைக் கத்தியால் சீவி, வெளி விளிம்பைக் கொஞ்சம் சரிவாக்குங்கள். இந்தச் சரிவைப் பலர் விட்டுவிடுவார்கள். கூர் விளிம்போடு பைப் உள்ளே போகும்போது, சொக்கட்டுக்குள் பூசிய கம்மை எல்லாம் முன்னால் வழித்துத் தள்ளிக்கொண்டு போகும். ஒட்ட வேண்டிய இடம் வறண்டுவிடும், வழித்த கம் பைப்பின் உள்வாயில் மேடாகக் கட்டும்.

அப்புறம் கம் இல்லாமல் பொருத்திப் பாருங்கள். பைப் சொக்கட்டின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை போய் இறுக வேண்டும். அடிவரை லொடக்கென்று விழுந்தால் அளவு பிழை. சொக்கட்டின் ஆழத்தை அளந்து பைப்பில் பென்சிலால் கோடு போடுங்கள். எல்போ எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கும் இரண்டிலும் சேர்த்து ஒரு கோடு. கம் பூசிய பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது.

பளபளப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, சுத்தத் துணியால் துடையுங்கள். இங்கேதான் மலைநாட்டு வில்லங்கம் வருகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். காலையில் பைப்பைத் தொட்டாலே விரல் ஈரமாகும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின் மேல் கம் பூசினால் ஒட்டு பலவீனமாகும். பைப்பையும் பொருத்துகளையும் முதல்நாளே வீட்டுக்குள் எடுத்து வைத்து, வெயில் ஏறிய பிறகு, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மூடுபனி இறங்கும் நேரத்தில் வெளியே ஒட்டாதீர்கள்.

பைப்பின் வெளிப்பக்கத்தில் தாராளமாக, சொக்கட்டின் உட்பக்கத்தில் மெல்லியதாகக் கம்மைப் பூசுங்கள். உடனே உள்ளே தள்ளிக்கொண்டே கால் சுற்றுத் திருப்பிக் கோட்டோடு கோட்டைச் சேருங்கள். விட்டுவிடாதீர்கள்; பைப் தானாகவே பின்னால் வழுக்கி வரப் பார்க்கும். வெயில் நாளில் அரை நிமிடம் பிடித்தால் போதும், குளிரில் ஒன்றிரண்டு நிமிடம் பிடியுங்கள். விளிம்பைச் சுற்றி முழு வளையமாக ஒரு மெல்லிய கம் கோடு வெளியே தெரிந்தால் சரியாகப் பூசியிருக்கிறீர்கள். எங்காவது அறுந்திருந்தால் அந்த இடத்தில் கம் காணாது. மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

காயும் நேரத்தைக் குளிரும் ஈரமும் இழுத்துக்கொண்டு போகும். கண்டியில் ஒருநாள் விட்டால் போதும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் நான் இரண்டு நாள் விடுவேன். டின்னில் அரை மணி, ஒரு மணி என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தண்ணீரைத் திறக்க வேண்டாம்.

கம்மில் இருப்பவை எரியக்கூடிய, தலை சுற்ற வைக்கும் கரைப்பான்கள். குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்பு எரியும் குசினியில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யவே கூடாது. குளிரில் கம் தடித்துப் போனால் டின்னை நெருப்பில் காட்டாதீர்கள். வீட்டுக்குள் வைத்திருந்தாலே இளகும். கூழாகக் கட்டிவிட்டால் அது முடிந்தது. தின்னர் ஊற்றிக் காப்பாற்றப் பார்க்காமல் வீசிவிட்டு வேறு டின் வாங்குங்கள்.

கறுப்புப் பைப்பைப் பிவிசியோடு சேர்ப்பது

மலைநாட்டில் அதிகம் ஒழுகும் இடம் இதுதான். கறுப்புப் பைப்பை நெருப்பில் காட்டி இளக்கி, பிவிசி பைப்பின் மேல் ஏற்றி, சைக்கிள் டியூபால் சுற்றிக் கம்பியால் முறுக்கியிருப்பதைப் பீலிக்கரைக்குப் பக்கத்தில் எங்கும் பார்க்கலாம். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச அது காணும். வீட்டுக்குள், மரப் பலகைத் தரைக்கு மேலே, 5 பார் அழுத்தத்தில் அது ஒருநாள் இரவில் கழன்றுவிடும்.

சரியான சாமான் கம்ப்ரெஷன் பொருத்து. அதைக் கழற்றினால் வரிசையாக நட், பிளவுபட்ட பிடி வளையம், தள்ளு வளையம், ஓ வளையம், உடல் என்று வரும். பிடி வளையத்தின் உட்பக்கம் பற்கள் இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது கூம்புக்குள் சுருங்கிப் பைப்பைக் கடிக்கும். பிடிப்பது அதன் வேலை. தண்ணீரை நிறுத்துவது ஓ வளையம். இரண்டும் வெவ்வேறு வேலை என்று தெரிந்தால் ஒழுகும்போது எங்கே பார்க்க வேண்டும் என்றும் தெரியும்: பைப் கழன்று வந்தால் பிடி வளையம், சொட்டினால் ஓ வளையம்.

பைப்பை நேராக வெட்டி, வெளி விளிம்பைக் கத்தியால் நன்றாகச் சரிவாக்குங்கள். இங்கே சரிவு கட்டாயம். இல்லாவிட்டால் கூர் விளிம்பு ஓ வளையத்தை வெட்டிவிடும். பைப் நுனியில் நீளவாக்கில் கீறல் இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். சரிவில் கல்லின் மேல் இழுத்த பைப்பில் இந்தக் கீறல் கட்டாயம் இருக்கும். அதன் வழியே தண்ணீர் ஓ வளையத்துக்கு அடியால் வந்துவிடும். சுருளாக வந்த பைப்பின் நுனி நீள்வட்டமாக இருந்தால், சுடுதண்ணீரில் முக்கி எடுத்துக் கையால் உருட்டி வட்டமாக்குங்கள். உள்ளே போக வேண்டிய ஆழத்துக்குக் கோடு போட்டு, நட்டை மூன்று சுற்றுத் தளர்த்தி, நுனியைத் தண்ணீரில் நனைத்துத் தள்ளுங்கள். முதலில் ஒரு இறுக்கம் வரும். அது ஓ வளையம். அதோடு நின்றுவிடக் கூடாது. கோடு மறையும்வரை தள்ளிவிட்டு நட்டைக் கையால் இறுக்கி, கடைசியில் பட்டி ஸ்பானரால் இன்னும் கொஞ்சம்.

மறுபக்கம் பிவிசி. கம்ப்ரெஷன் பொருத்தை உட்திருகு உள்ளதாக வாங்கி, பிவிசி பக்கத்துக்கு வால்வ் சொக்கட் போடுங்கள். அதாவது வெளித்திருகு பிவிசியில் இருக்கட்டும். பிவிசியின் உட்திருகு, அதாவது போசட் சொக்கட், அதிகம் இறுக்கினால் பிளந்துவிடும். கம்ப்ரெஷன் பொருத்தின் பொலிபுரொப்பிலீன் அதைவிடக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். வால்வ் சொக்கட்டை முதலில் திருகி இறுக்கிவிட்டு, அதன்பிறகு பைப்பை அதில் ஒட்டுங்கள். முறை மாறினால் முழுப் பைப்பையும் சுற்ற வேண்டி வரும்.

பழைய அல்கத்தீன் (கறுப்புப் பொலித்தீன்) பைப்பில் ஒரு தொல்லை உண்டு: அவற்றில் சில உள் விட்டத்தால் அளக்கப்பட்டவை. வெளி விட்டம் 20க்கோ 25க்கோ சரியாக வராவிட்டால் கம்ப்ரெஷன் பொருத்து கடிக்காது. அப்படியான பைப்பின் வீட்டுப் பக்கக் கடைசித் துண்டைப் புதிதாக மாற்றுவதே வழி.

வெயில் படும் இடத்தில் பொலித்தீன், வீட்டுக்குள் பிவிசி என்று பிரித்துக்கொள்வதும் நல்லது. கறுப்புப் பைப்பில் கலந்திருக்கும் கரி வெயிலைத் தாங்கும். பிவிசி வெயிலில் கிடந்தால் வருடம் போகப் போக மொறுமொறுப்பாகிவிடும்.

திருகும் டேப்பும்

நம் நாட்டுத் திருகுகள் பிரித்தானியத் தரமான பிஎஸ்பி. அமெரிக்கப் பம்புகளில் வருவது என்பிடி. அரை, முக்கால் அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிகள். அதனால் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்று சுலபமாகப் போய் ஏமாற்றும். ஆனால் புரியின் கோணம் வேறு: பிஎஸ்பி 55 பாகை, என்பிடி 60. டேப்பை எவ்வளவு சுற்றினாலும் நம்ப முடியாது. இப்படி வந்தால் திருகை விட்டுவிட்டு, பம்பின் ஹோஸ் வாயையே பயன்படுத்துங்கள்.

டேப்பைத் திருகின் நுனி உங்களைப் பார்த்தபடி இருக்க, மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் திருகும்போது சுருண்டு வெளியே வரும். இழுத்துப் பிடித்து, புரி தெரியும் அளவுக்கு, நான்கைந்து சுற்று. தடிக்கத் தடிக்கச் சுற்றுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள்தான் சொக்கட்டைப் பிளக்கிறார்கள். டேப் ஆப்பாக இறங்கி உட்திருகை விரிக்கும். பிளாஸ்டிக்குக்கு இறுக்கம்: கையால் முடிந்தவரை, அப்புறம் ஸ்பானரால் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். யூனியனுக்கும் வோஷர் உள்ள நட்டுக்கும் டேப்பே தேவையில்லை. அங்கே ரப்பர்தான் தண்ணீரை நிறுத்துகிறது.

பழைய பாஸ்மார் இரும்புப் பைப்புக்குச் சணலும் பெயின்டும் வைத்துச் சுற்றுவார்கள். மீன் தொட்டியின் தண்ணீர் ஓடும் எந்த இடத்திலும் அதை விடாதீர்கள்.

பம்ப், பில்டர், ஹோஸ்

ஏபிஎஸ் வாயையும் பிவிசி பைப்பையும் ஒட்டுவதற்கென்றே இடைமாற்றுக் கம் உண்டு. ஆனால் அது அழுத்தமில்லாத கழிவுத் தண்ணீர்ப் பைப்புக்கானது. அதைவிட முக்கியம், பம்ப் கழற்றிக் கழுவ வேண்டிய சாமான். எனவே பம்பின் வாயில் ஒரு சாண் வளையும் ஹோஸ், ஹோஸின் மறுமுனையில் புரியுள்ள ஹோஸ் நிப்பிள், அதன்பின் யூனியன், பிறகு பிவிசி. அந்த ஒரு சாண் ஹோஸ் பம்பின் அதிர்வை விழுங்கிவிடும். இரவில் பலகைச் சுவர் முழுவதும் ரீங்காரம் போடாது.

குளிரில் ஹோஸ் விறைத்திருக்கும். பலம் போட்டு ஏற்றினால் பம்பின் வாய் முறிந்துவிடும். சுடுதண்ணீரில் நுனியை அரை நிமிடம் வைத்தால் இளகி ஏறும்; ஆறியதும் இறுகப் பிடிக்கும். ஹோஸ் கிளிப் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும், அதன் திருகாணியும் அதே உருக்குத்தானா என்று பாருங்கள். காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்: பலமாக ஒட்டினால் சந்தேகப்படுங்கள். வெளிப் பில்டர்களுக்கு வருவது 12/16, 16/22 மி.மீ. ஹோஸ்: முதல் எண் உள் விட்டம், மற்றது வெளி விட்டம். நிப்பிளை முதல் எண்ணுக்குப் பொருத்தமாக வாங்க வேண்டும்.

தொட்டிச் சுவர்

கண்ணாடியிலோ அக்ரிலிக்கிலோ பைப்பை நேரே ஒட்டக் கூடாது. டேங்க் கனெக்டர்தான். அதன் பருத்த தலை தொட்டிக்குள், ரப்பர் வோஷர் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில், நட் வெளியே. கையால் இறுக்கி, மேலும் கால் சுற்று. அவ்வளவுதான். ரப்பருக்கு மேல் சிலிக்கன் பூசுவது பலரின் பழக்கம். வோஷர் நன்றாக இருந்தால் தேவையில்லை, பூசினால் பிறகு கழற்றுவது பெரும்பாடு. சில கனெக்டர்களின் நட் இடப்பக்கத் திருகு. இறுகவில்லை என்று பலம் போடும் முன் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள்.

துளை போடும் முன், கண்ணாடி பதப்படுத்திய கண்ணாடியா என்று தொட்டி செய்தவரிடம் கேளுங்கள். அதில் துளை போட்டால் முழுவதும் சிதறிவிடும். பல தொட்டிகளில் அடிக்கண்ணாடி அந்த வகை. சாதாரணக் கண்ணாடியில் வைரத்தூள் பூசிய வட்டப் பிட்டால், தண்ணீர் விட்டுக்கொண்டே, பாரம் போடாமல் துளைக்கலாம். தொட்டியின் ஓரத்திலிருந்து குறைந்தது துளையின் விட்டமளவு தள்ளியிருக்க வேண்டும். பைப்பின் பாரம் கனெக்டரில் தொங்கக் கூடாது; சுவரில் சேடல் (பைப்பைப் பிடிக்கும் கிளிப்) அடித்துத் தாங்குங்கள்.

பிபிஆர் பைப்பில் சேர வேண்டியிருந்தால் அதற்குக் கம் கிடையாது. 260 பாகை செல்சியஸில் உருக்கி ஒட்டும் கருவி வேண்டும். கருவி வைத்திருக்கும் பாஸிடம் ஒரு திருகுப் பொருத்தை வைத்துத் தரச் சொல்லி, அங்கிருந்து நீங்கள் பிவிசியில் தொடருங்கள். குளிர்தண்ணீர்ப் பைப்தானா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள்.

மீனுக்கு ஆகாதவை

மலைநாட்டு ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. சோப்பு நுரைத்துக்கொண்டே இருப்பதிலேயே தெரியும். மென்மையான, கொஞ்சம் அமிலச் சாய்வுள்ள தண்ணீர் உலோகத்தை அதிகம் அரிக்கும். பித்தளைப் பொருத்திலிருந்து செம்பும், நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பிலிருந்து நாகமும் கரைந்து வரும். செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. எனவே தொட்டித் தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடும் பாதையில் வால்விலிருந்து நிப்பிள்வரை பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும்.

குளியலறைக்கு விற்கும் பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கனில் பூஞ்சணக்கொல்லி கலந்திருக்கும். தொட்டிக்கு ஆகாது, மீன் தொட்டிக்கு என்று போட்டதை வாங்குங்கள். ஓ வளையத்துக்கு வாசலின், தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், சில வகை ரப்பர் ஊதிக் கெடும். சிலிக்கன் கிரீஸ் கொஞ்சம், அதுவும் இல்லாவிட்டால் வெறும் தண்ணீர். ஒட்டிய பைப் காய்ந்த பிறகு தண்ணீர் நிரப்பி ஒருநாள் நிறுத்தி முழுவதையும் கொட்டுங்கள். மூக்கை வைத்தால் கம் வாடை வருமானால் இன்னொரு முறை. ஊற்றுக்கு மேலே தேயிலை மலை இருந்தால், மருந்து அடிக்கும் நாட்களில் வரும் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம்.

மீன் விடும் முன்

கடைசி இணைப்பைப் பூட்டும் முன் மேலிருந்து வரும் பைப்பைத் திறந்து ஒரு வாளி தண்ணீர் ஓட விடுங்கள். மண்ணும் பிளாஸ்டிக் சீவலும் வந்து விழும். அவை ஓ வளையத்தில் சிக்கினால் புது இணைப்பே சொட்டும்.

ஊற்றுத் தண்ணீர் அறைக் காற்றைவிடக் குளிராக இருப்பதால் பைப் வியர்க்கும். கசிவா வியர்வையா என்று தெரியாமல் நல்ல இணைப்பைக் கழற்றியவர்கள் உண்டு. சோதனைத் தண்ணீரில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்து ஓட்டுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் கடதாசிக் கைக்குட்டையால் சுற்றி ஓரிரவு விடுங்கள். நிறம் ஊறினால் கசிவு. வெறும் ஈரம் என்றால் வியர்வை. சோதனை முடிந்ததும் அந்தத் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றுங்கள்.

ஒட்டிய இணைப்பு கசிந்தால் மேலால் கம் பூசி அடைக்க முடியாது. அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புதுச் சொக்கட் வைத்து மறுபடி ஒட்டுங்கள். திருகு கசிந்தால் இன்னும் இறுக்குவது பதில் இல்லை. கழற்றி, பழைய டேப்பை உரித்து, புதிதாகச் சுற்றுங்கள்.

அடுத்தது கரண்ட். தென்மேல் பருவக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போகும் ஊர்கள் இவை. சம்ப் வைத்திருப்பவர்கள் பம்பை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். மேல் தொட்டியின் தண்ணீர் வந்த வழியே பின்னால் இறங்கும். திரும்பும் பைப்பில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மி.மீ. துளை ஒன்று போட்டால், மட்டம் அதற்குக் கீழே போனதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நத்தை சிக்கினால் அது மூடாது. நின்றபின் சம்பில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, அவ்வளவு இடம் மிச்சமிருக்கும் உயரத்தில் கோடு போட்டு, அதற்கு மேல் நிரப்பாதீர்கள்.

பம்பின் வயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கிவிட்டு ஏற வேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. அந்தப் பிளக் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சின் கீழ் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அமுக்கி விழுகிறதா என்றும் பாருங்கள். விழாவிட்டால் அதை மாற்றும்வரை பம்பை ஓட்ட வேண்டாம்.

மீன் விட்ட பிறகு முதல் வாரம் தினமும் ஒருமுறை ஹோஸ் கிளிப்புகளைத் தொட்டுப் பாருங்கள். புது ஹோஸ் கொஞ்சம் அமுங்கும், கால் சுற்று இறுக்க வேண்டி வரும். யூனியன் ஓ வளையங்களில் அளவுக்கு இரண்டு, ஒரு சுருள் டேப், ஒரு நேர் சொக்கட், ஒரு முழம் பைப் ஆகியவற்றைத் தொட்டிக்கு அடியில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கடை இருக்கும் டவுனுக்கு பஸ் அடுத்த நாள் காலையில்தான்.